சென்னையிலிருந்து டொராண்டோ: எத்தனை கிலோமீட்டர், உண்மையில் எத்தனை மணி நேரம்?

கும்பகோணத்திலிருந்து பெரியம்மா போன் செய்தார். மகளுக்கு டொராண்டோவில் பிரசவம். ஜனவரிக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. அச்செடுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"ஏம்ப்பா, காலையில அஞ்சரைக்கு ஏறுனா சாயங்காலம் ஆறு இருபதுக்கு எறக்கிவிட்டுடுவான்னு போட்டிருக்கு. பதிமூணு மணி நேரந்தானே? நம்ம ராமேஸ்வரம் போய்த் திரும்புற நேரம்."

"இல்ல பெரியம்மா. இருபத்து மூணு மணி நேரம் இருபது நிமிஷம்."

"அப்ப தப்பா அச்சடிச்சுட்டானா?"

அச்சில் ஒரு தப்பும் இல்லை. தாளில் இருந்தவை மூன்று ஊர்களின் மணி. பெரியம்மா அவற்றை ஒரே ஊரின் மணியாகப் படித்துவிட்டார். முதல்முறை போகிறவர்களில் பலர் இதில்தான் சறுக்குகிறார்கள். பெற்றோருக்கு டிக்கெட் எடுத்துத் தரும் பிள்ளைகளும் விலையைப் பார்க்கும் வேகத்தில் இதைக் கோட்டைவிடுகிறார்கள். ஆகவே தூரத்தை எப்படி அளப்பது, அதை எப்படி மணி நேரமாக மாற்றுவது, டிக்கெட்டை எப்படிப் படிப்பது என்பதை பெரியம்மாவுக்குச் சொன்ன வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். வேறு ஊருக்குப் போகிறவர்கள் டொராண்டோ இருக்கும் இடத்தில் தங்கள் ஊரைப் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் ஊர்ப்பெயரை விட்டுவிட்டு மூன்றெழுத்தைப் பிடியுங்கள்

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் மூன்று ஆங்கில எழுத்தில் ஒரு குறியீடு உண்டு. சென்னைக்கு எம்.ஏ.ஏ. ஊர் பேர் மாறினாலும் பழைய மெட்ராஸ் அந்த எழுத்துகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டொராண்டோ பியர்சன் பன்னாட்டு விமான நிலையத்துக்கு ஒய்.ஒய்.இசட். (ஈழத்தமிழர் 'ரொறன்ரோ' என்று எழுதுவார்கள். ஊர் ஒன்றுதான்.) கனடாவின் பெரிய நிலையங்களின் குறியீடுகள் 'ஒய்' எழுத்தில்தான் தொடங்கும். வான்கூவருக்கு ஒய்.வி.ஆர்., மாண்ட்ரியலுக்கு ஒய்.யூ.எல்.

குறியீட்டைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டொராண்டோ நகரின் ஏரிக்கரைத் தீவில் ஒய்.டி.இசட். என்று இன்னொரு சிறிய நிலையம் உண்டு. 'லண்டன்' என்று தேடினால் ஹீத்ரோ, கேட்விக் என்று பல நிலையங்கள் வரும். போதாக்குறைக்கு, டொராண்டோ இருக்கிற அதே ஒன்டாரியோ மாகாணத்திலேயே லண்டன் என்று ஒரு ஊரும் அதற்கொரு விமான நிலையமும் இருக்கின்றன. ஊர்ப்பெயரை மட்டும் போட்டுத் தூரம் தேடினால் எதற்கும் எதற்குமோ இடையிலான கணக்கு வந்து நிற்கும்.

டிக்கெட்டிலும் இதையே பாருங்கள். ஹீத்ரோவில் இறக்கி, கேட்விக்கில் ஏறச் சொல்லும் மலிவு டிக்கெட்டுகள் உண்டு. இரண்டும் லண்டன்தான். ஆனால் பெட்டியை எடுத்துக்கொண்டு, குடியேற்றச் சோதனையைத் தாண்டி, சாலை வழியே ஊரைச் சுற்றிப் போகவேண்டும். பிரிட்டன் விசா இல்லாதவர் அந்த டிக்கெட்டைத் தொடவே கூடாது.

தூரம்: சுவர் வரைபடத்தை நம்பாதீர்கள்

பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் சென்னைக்கும் டொராண்டோவுக்கும் ஒரு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால், அது அரபிக்கடல், வட ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று மேற்கே நீளும். உருண்டையான பூமியைத் தட்டையாக விரித்ததால் வந்த வினை அது. கடையில் கிடைக்கும் சின்ன பூகோள உருண்டையை எடுத்து, இரண்டு ஊருக்கும் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் மேற்கே போகாது. கிட்டத்தட்ட வடக்கு நோக்கி ஏறும்.

கணக்குப் போட்டால் இப்படி வருகிறது: சென்னையில் கிளம்பும் நூல் போபால் பக்கமாக வடக்கே போய், இஸ்லாமாபாத், தாஷ்கண்ட் அருகே கடந்து, கஜகஸ்தானைத் தாண்டி, ரஷ்யாவின் வட மேற்கு வழியே நார்வேயின் வடகிழக்கு முனையைத் தொட்டு, கிரீன்லாந்தின் பனிமேல் ஏறி இறங்கி, கியூபெக் வழியாக டொராண்டோவில் வந்து விழுகிறது. உச்சியில் அது 73 பாகை வட அட்சத்தைத் தாண்டிவிடுகிறது. துருவ வட்டத்துக்கும் மேலே. மீனம்பாக்கம் வெயிலில் கிளம்பும் நேர்வழி பனிக்கரடி ஊரைத் தொட்டுத்தான் போகிறது என்றபோது பெரியம்மா முதலில் நம்பவில்லை. பேரனின் உருண்டையில் தாலிச்சரட்டு நூலை வைத்துப் பார்த்த பிறகே ஒத்துக்கொண்டார்.

அந்த நூலின் நீளம் சுமார் 13,390 கிலோமீட்டர். மைலில் 8,320, கடல் மைலில் 7,230. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், சாதாரண மைல் 1.609. தூரம் காட்டும் இரண்டு இடங்களில் எண் வேறுபட்டால் முதலில் அலகைப் பாருங்கள். அலகும் ஒன்றுதான் என்றால், பூமியைச் சரியான கோளமாகக் கொண்டார்களா, துருவத்தில் சற்றுத் தட்டையாகக் கொண்டார்களா என்பதில் சில பத்து கிலோமீட்டர் வித்தியாசம் வரும். அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கூகுள் எர்த்தில் அளவுகோல் கருவி இருக்கிறது. இரண்டு நிலையங்களையும் சொடுக்கினால் நூலும் நீளமும் கண்முன் வந்துவிடும். கொழும்பிலிருந்து அளந்தால் ஏறக்குறைய 14,000.

ஆனால் இந்த 13,390 யாரும் பறக்காத தூரம். சென்னைக்கும் டொராண்டோவுக்கும் இடைநில்லா விமானம் கிடையாது. அத்தனை தூரம் பறக்கும் விமானங்கள் இல்லாமல் இல்லை. சிங்கப்பூர்–நியூயார்க் 15,000 கிலோமீட்டருக்கு மேல், அதை ஒரே மூச்சில் ஏறக்குறைய பத்தொன்பது மணி நேரத்தில் பறக்கிறார்கள். நமக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. ஆகவே எங்கே மாறி ஏறுகிறோம் என்பதை வைத்துத்தான் தூரம்.

நான் அளந்தவரை, டெல்லி வழி 1,760 கூட்டல் 11,640, மொத்தம் 13,400. நேர்நூலைவிடப் பத்தே கிலோமீட்டர் அதிகம், ஏனென்றால் டெல்லி கிட்டத்தட்ட அந்த நூலின் மேலேயே இருக்கிறது. லண்டன் ஹீத்ரோ வழி 8,235 கூட்டல் 5,705, மொத்தம் 13,940. பிராங்க்ஃபர்ட் வழியும் அதே 13,940தான், சென்னையிலிருந்து 7,595, பிறகு 6,345. துபாய் வழி 2,930 கூட்டல் 11,080, மொத்தம் 14,010. ஹாங்காங் வழியாகக் கிழக்கே சுற்றினால் 16,260.

இதைப் பார்த்ததும் 'டெல்லிதான் குறுக்கு வழி' என்று முடிவு கட்டத் தோன்றும். அங்கேதான் நிற்கவேண்டும். நூல் போகும் வானம் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. 2022 பிப்ரவரியிலிருந்து ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய, கனடிய நிறுவனங்களுக்கு மூடிவிட்டது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய நிறுவனங்களுக்கு மூடியது, பிறகு மாதாமாதம் நீட்டித்துக்கொண்டே வந்தது. ஆக, டெல்லியிலிருந்து கிளம்பும் கனடிய விமானம் பாகிஸ்தான் மேல் பறக்கலாம், ரஷ்யா மேல் பறக்க முடியாது. இந்திய விமானத்துக்கு அப்படியே தலைகீழ். இருவருமே வளைந்துதான் போகவேண்டும். அந்தச் சுற்றில் எரிபொருள் போதாமல் வட அமெரிக்கா செல்லும் சில விமானங்கள் நடுவே ஐரோப்பாவில் இறங்கி நிரப்பிக்கொண்டு போனதும் நடந்தது. பத்து கிலோமீட்டர் லாபம் அங்கே காணாமல் போய்விடும்.

கிலோமீட்டரை மணியாக மாற்றும் கைக்கணக்கு

பெரிய விமானம் உச்சியில் மணிக்கு சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். ஆனால் தூரத்தை 900ஆல் வகுத்தால் ஏமாந்துபோவீர்கள். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, மேலே ஏறுவது, இறங்குவதற்கு முன் வட்டமடிப்பது எல்லாம் டிக்கெட்டில் போட்ட நேரத்துக்குள் அடக்கம். டிக்கெட் நேரம் என்பது கிளம்பும் வாயிலை விட்டு நகர்ந்த கணத்திலிருந்து அந்த ஊர் வாயிலில் போய் நிற்கும் கணம் வரை.

இதற்கு மேல் காற்று வேறு. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டி வீசும். மேற்கே போகிறவர் அதை எதிர்த்து நீந்தவேண்டும், கிழக்கே வருகிறவரை அது தள்ளிக்கொண்டு வரும். 2020 பிப்ரவரியில் ஒரு புயலின் முதுகில் ஏறி நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு ஜம்போ விமானம் 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. வழக்கமாக ஆறு மணிக்கு மேல் பிடிக்கும் தூரம் அது.

எல்லாவற்றையும் சேர்த்து நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான்: மேற்கே போகும்போது தூரத்தை 750ஆல் வகுங்கள், கிழக்கே வரும்போது 825ஆல். அரை மணி முன்பின் இருக்கும். சென்னை–லண்டன் 8,235 வகுத்தல் 750, பதினொரு மணி நேரம். பெரியம்மாவின் டிக்கெட்டில் 10 மணி 55 நிமிடம். ஹாங்காங்–டொராண்டோ 12,550 கிலோமீட்டர், கிழக்கே பறப்பது, ஆகவே 825ஆல் வகுத்தால் பதினைந்து மணி சொச்சம். இதுவும் ஒத்து வருகிறது. ஆறாயிரத்துக்குள் உள்ள பறப்புகளுக்கு இன்னும் கால் அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஊர்ந்து ஏறி இறங்கும் நேரம் எல்லாப் பறப்புக்கும் ஒன்றுதான்.

இந்தக் கைக்கணக்கு எதற்கு, டிக்கெட்டிலேயே நேரம் இருக்கிறதே என்று கேட்கலாம். டிக்கெட்டில் இருப்பது உங்கள் கணக்கைவிட இரண்டு மூன்று மணி கூட இருந்தால், நடுவில் எங்கோ இறங்குகிறது என்று அர்த்தம். டிராவல்ஸ்காரர் "டைரக்ட் ஃப்ளைட் சார்" என்றால் உடனே தலையாட்டாதீர்கள். இந்தத் தொழிலில் 'டைரக்ட்' என்றால் ஒரே விமான எண் என்றுதான் பொருள். வழியில் ஓரிடத்தில் இறங்கி ஏறலாம். நிற்காமல் போவது 'நான்-ஸ்டாப்'. அந்தச் சொல்லைச் சொல்லியே கேளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே கடிகாரத்துக்கு மாற்றுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் கடைப்பிடிக்கப் போகிறீர்கள் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள்.

டிக்கெட்டில் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் நேரம். இந்தியாவும் இலங்கையும் உலக நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னே. லண்டன் குளிர்காலத்தில் உலக நேரத்திலேயே இருக்கும். டொராண்டோ குளிர்காலத்தில் ஐந்து மணி பின்னே. அதாவது நமக்கும் டொராண்டோவுக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணி, கோடையில் ஒன்பதரை மணி வித்தியாசம்.

வெள்ளைத்தாளில் இரண்டு பத்தி போட்டு, இடப்பக்கம் டிக்கெட் நேரம், வலப்பக்கம் இந்திய நேரம் எழுதுங்கள். பெரியம்மாவுக்கு எழுதிக் கொடுத்த தாள் இது:

சென்னை கிளம்புவது: காலை 5:30. நம்ம நேரம் காலை 5:30.
லண்டன் சேர்வது: காலை 10:55. நம்ம நேரம் மாலை 4:25.
லண்டன் கிளம்புவது: பிற்பகல் 3:05. நம்ம நேரம் இரவு 8:35.
டொராண்டோ சேர்வது: மாலை 6:20. நம்ம நேரம் மறுநாள் விடியற்காலை 4:50.

இப்போது வலப்பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும். காலை ஐந்தரையிலிருந்து மறுநாள் 4:50 வரை, 23 மணி 20 நிமிடம். இரண்டு பறப்புகளுக்கு நடுவே 4 மணி 10 நிமிடம். லண்டன்–டொராண்டோ 8 மணி 15 நிமிடம். இந்தத் தாளில் இன்னொரு பயன் உண்டு. சர்க்கரை மாத்திரை எந்நேரம், ரத்த அழுத்த மாத்திரை எந்நேரம் என்று வலப்பக்கத்தைப் பார்த்தே போட்டுக்கொள்ளலாம். இன்சுலின் போடுகிறவர்கள் மட்டும் இந்தத் தாளை மருத்துவரிடம் காட்டி வேளையைக் கேட்டுக்கொள்வது நல்லது.

கோடை நேரத்தில் ஒரு பொறி இருக்கிறது. டொராண்டோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னே இழுப்பார்கள். லண்டனில் மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு. மார்ச்சிலும் அக்டோபர் கடைசியிலும் இந்த இரண்டு ஊர்த் தேதிகளுக்கும் நடுவே வரும் நாட்களில் லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் ஐந்து மணிக்குப் பதிலாக நாலு மணிதான் வித்தியாசம். தீபாவளியை ஒட்டி அந்த வாரத்தில் பயணம் என்றால் ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள்.

தேதியும் இதே கதைதான். வெளிநாட்டு விமானங்களில் நிறைய நம்மூரிலிருந்து நள்ளிரவுக்குப் பிறகுதான் கிளம்புகின்றன. டிக்கெட்டில் '14ஆம் தேதி 2:40' என்று இருந்தால் 13ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பவேண்டும். எங்கள் உறவில் ஒருவர் 14ஆம் தேதி ராத்திரி பத்து மணிக்கு மாலை மரியாதையோடு, வழியனுப்ப இரண்டு வேன் ஆட்களோடு மீனம்பாக்கம் போய் இறங்கினார். விமானம் பத்தொன்பது மணி நேரத்துக்கு முன்பே போய்விட்டிருந்தது. அந்த வேன் செலவைப் பற்றி இன்றைக்கும் கல்யாண வீடுகளில் பேசுகிறார்கள்.

நடுவில் காத்திருப்பது எவ்வளவு இருக்கலாம்

இளவட்டங்கள் ஒன்றரை மணி நேர இடைவெளியில் ஓடிப் பிடித்துவிடுவார்கள். முதல்முறை போகிறவர், வயதானவர் என்றால் இரண்டரையிலிருந்து நாலு மணி வரை வசதி. ஹீத்ரோ மாதிரி இடத்தில் முனையம் மாற பஸ் ஏறவேண்டி வரும், மறுபடியும் பாதுகாப்புச் சோதனை இருக்கும். கைப்பையில் ஆவக்காய் ஊறுகாயோ தேங்காய் எண்ணெயோ இருந்தால் அதுவும் திரவக் கணக்குதான், பல நிலையங்களில் நூறு மில்லிக்கு மேல் என்றால் தொட்டியில் போடச் சொல்லலாம். ஊறுகாய் பெரிய பெட்டியில் போகட்டும்.

எட்டு மணிக்கு மேல் இடைவெளி உள்ள டிக்கெட் மலிவாக இருக்கும். அந்த மலிவை நான் பெற்றோருக்கு எடுக்கமாட்டேன்.

இன்னும் முக்கியம், இரண்டு பறப்பும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்கவேண்டும். அப்போதுதான் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. பெட்டியும் டொராண்டோ வரை தானாகப் போகும். தனித்தனியாக வாங்கிய இரண்டு டிக்கெட்டில் இந்தப் பாதுகாப்பு இல்லை. டொராண்டோவில் இறங்கி வேறு கனடிய ஊருக்கு மாறுகிறவர்கள், பெட்டியை டொராண்டோவிலேயே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டுமா என்று சென்னையில் பெட்டி போடும்போதே கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் எடுக்கவேண்டி இருக்கும்.

டிரான்சிட் விசா விதி பாஸ்போர்ட்டுக்கு ஒன்று, நாட்டுக்கு ஒன்று, அடிக்கடி மாறுகிறது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சரியாக இருப்பது இலங்கைப் பாஸ்போர்ட்டுக்குச் சரியாக இருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் போன வருஷம் போனதை வைத்து முடிவு செய்யாமல், மாறி ஏறும் நாட்டின் அரசுத் தளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

எந்த வழி நல்லது என்பதற்கு என் கட்சி இது. லண்டனோ பிராங்க்ஃபர்ட்டோ வழி போனால் பயணம் பதினொன்றும் எட்டுமாக, ஓரளவு சமமாகப் பிரியும். துபாய், தோஹா வழி என்றால் நாலு மணி சொச்சம், பிறகு பதினாலு மணி நேரம் ஒரே உட்கார்வு. முட்டிவலிக்காரர்களுக்கு அந்தப் பதினாலு மணி பெரிய சோதனை. ஆனால் வளைகுடா வழியில் கட்டணம் பலநேரம் குறைவு, கூட வருகிறவர்களிலும் நம்மூர்க்காரர்கள் இருப்பார்கள், படிவம் நிரப்பித்தர ஆள் கிடைக்கும். டெல்லி வழியில் மொழிச் சிக்கல் சென்னை தாண்டியதுமே தொடங்கிவிடுகிறது என்பது பெரியம்மாவின் கட்சி.

வாசலிலிருந்து வாசல் வரை

விமான நேரம் பயண நேரத்தில் ஒரு பகுதிதான். கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு 300 கிலோமீட்டர் காரில் ஆறேழு மணி நேரம், நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு நிறுத்தம். விமானத்துக்கு மூன்றரை மணி முன்னதாக, அதாவது இரவு இரண்டு மணிக்கு நிலையத்தில் இருக்கவேண்டும். ஆகவே முந்தின நாள் மாலை ஐந்துக்கு வீட்டைப் பூட்டவேண்டும். டொராண்டோவில் 6:20க்கு இறங்கியதும் வெளியே வந்துவிட முடியாது. குடியேற்ற வரிசை, பெட்டி வரும் வரை காத்திருப்பு எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி. பிறகு மகள் வீடு இருக்கும் ஸ்கார்பரோவுக்கு 401 நெடுஞ்சாலையில் முக்கால் மணி, அதுவும் நெரிசலும் பனியும் இல்லாவிட்டால். (நகர மையத்துக்குப் போகிறவர்களுக்கு யூனியன் நிலையம் வரை 25 நிமிட ரயில் இருக்கிறது.) வீட்டு வாசலை மிதிக்கும்போது அங்கே இரவு எட்டரை, நம் கடிகாரத்தில் காலை ஏழு.

மாலை ஐந்திலிருந்து மூன்றாம் நாள் காலை ஏழு. முப்பத்தெட்டு மணி நேரம். ராமேஸ்வரத்துக்கு மூன்று தடவை போய்த் திரும்பலாம்.

இந்த எண் தெரிந்தால்தான் ஏற்பாடுகள் சரியாக இருக்கும். எத்தனை வேளை மாத்திரை கைப்பையில் வேண்டும், எத்தனை மணிநேரம் போனில் சார்ஜ் நிற்கவேண்டும் என்பதெல்லாம் முப்பத்தெட்டை வைத்து. சக்கர நாற்காலி வேண்டுமானால் டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. நடக்கமுடிகிறவர்களுக்கே அந்த நிலையங்களின் நீளம் அயர்ச்சி. சைவ உணவும் அப்போதே பதியவேண்டும். 'ஏ.வி.எம்.எல்.' என்று போட்டால் இந்திய மசாலாவோடு சைவம் வரும். வெறுமனே 'வெஜிடேரியன்' என்று விட்டுவிட்டால் வேகவைத்த காய்கறியும் பாஸ்தாவும் வந்து நிற்கலாம். விமானத்துக்குள் இரண்டு மணிக்கொருமுறை எழுந்து பத்தடி நடக்கச் சொல்லுங்கள். அதனால் ஓரத்து இருக்கையே பெரியவர்களுக்கு உகந்தது. ஜன்னல் ஆசையெல்லாம் கிரீன்லாந்து தெரிகிற பகல்நேரப் பறப்பில் வைத்துக்கொள்ளலாம்.

கிளம்பும் முன் ஒரு சரிபார்ப்பு

டிக்கெட்டில் விமான எண் இருக்கும். ஃப்ளைட்ரேடார்24 போன்ற செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் போன சில நாட்களில் அது எப்போது கிளம்பியது, எப்போது இறங்கியது, எந்த வழியில் பறந்தது என்று தெரியும். ஐந்து நாளில் நாலு நாள் முக்கால் மணி தாமதம் என்றால், உங்கள் ஒன்றரை மணி இடைவெளி உண்மையில் முக்கால் மணிதான். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே இதைப் பார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. விமான நிறுவனம் மாற்றிய நேரத்தை மின்னஞ்சலில்தான் அனுப்பும், ஆகவே டிராவல்ஸ் கடையின் மின்னஞ்சலைக் கொடுக்காமல் உங்களுடையதைக் கொடுங்கள்.

பெரியம்மா போய்ச் சேர்ந்த அன்று அவர் மகள் அந்தத் தாளைப் பார்த்துத்தான் நிலையத்துக்கு வந்தாள். இறங்கியபோது மணி ஆறே கால், ஐந்து நிமிடம் முன்னதாகவே. வெளியே கும்மிருட்டு, பூஜ்யத்துக்குக் கீழே குளிர். பெரியம்மாவின் உடம்பு விடிகாலை என்றது. அந்த வாரம் முழுக்க இரவு ஒரு மணிக்கு எழுந்து காபி போட்டிருக்கிறார். உடம்புக் கடிகாரம் நாளுக்கு ஒரு மணி அளவில்தான் நகரும் என்பதால், பத்தரை மணி வித்தியாசத்துக்கு ஒன்றரை வாரம் ஆகிறது. கைக்குழந்தை விழித்திருக்கும் வீட்டில் அது உபகாரமாகவே இருந்ததாம்.

திரும்பும்போது தேதி இரண்டு நாள் தள்ளிப் போகும்

போகும்போது கிளம்பிய தேதியிலேயே சேர்ந்துவிட்டதால், திரும்பும்போதும் அப்படியே என்று நினைத்து ஊரில் கார் சொல்லிவிடுவார்கள். கிழக்கே வரும்போது கடிகாரம் எதிர்ப்பக்கம் ஓடும். குளிர்காலத் திரும்பல் டிக்கெட் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: டொராண்டோவில் வெள்ளி மாலை 6:45க்குக் கிளம்பி, லண்டனில் சனி காலை 6:40க்கு இறங்கி, பிற்பகல் 1:10க்கு ஏறி, சென்னையில் ஞாயிறு விடிகாலை 4:40. பறந்து காத்திருந்தது மொத்தம் 23 மணி 25 நிமிடம்தான், ஏறத்தாழ போன அளவே. காற்று தள்ளிக் கொடுத்த நேரத்தை லண்டன் காத்திருப்பு விழுங்கிவிட்டது. ஆனால் நாட்காட்டியில் வெள்ளி, சனி, ஞாயிறு. டிக்கெட்டில் சேரும் நேரத்தின் பக்கத்தில் பொடியெழுத்தில் '+2' என்று இருப்பது இதைத்தான்.

அழைத்துவரப் போகிறவருக்கு 'வெள்ளிக்கிழமை கிளம்புறாங்க' என்று சொல்லவே சொல்லாதீர்கள். கிளம்பும் நாள் அவருக்குத் தேவையில்லை. பெரியம்மா திரும்பும்போது ஓட்டுநர் தம்பிக்கு நான் அனுப்பிய செய்தி ஒரே வரி: 'சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு கும்பகோணத்துல வண்டி எடுத்துடு, ஞாயிறு விடிகாலை அஞ்சரைக்கு வெளிய வருவாங்க.'